சிப்பாயின் தோளுக்குப் பின்னால்

“கேமராவை ஏன்யா அந்தப் பக்கம் வச்சே?” டைரக்டர் வேலண்ட் கத்தினார். “கதை எல்லை தாண்டி ஓடுறவனோடது. நீ போய் துப்பாக்கி வச்சிருக்கிற சிப்பாய் பின்னாடி நிக்கிறே!”

ஒளிப்பதிவாளர் கால்மான் லென்ஸைத் துடைத்தார். ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குள் ஹங்கேரி எல்லையின் நாணல் சதுப்பையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

“அம்பத்தாறுல உங்க ஹங்கேரிக்குள்ள ரஷ்ய டாங்கி வந்தப்போ நீயே இப்படி ஓடி வந்தவன்தானே? சிப்பாய் சுடணும், குறி தப்பணும். அவ்வளவுதான்!”

“சுடமாட்டான். துப்பாக்கியைத் தாழ்த்திடுவான்.”

“எந்த ஊர்ச் சிப்பாய் அப்படிச் செய்வான்? உன்னைத் துரத்தினவன் செஞ்சானா?”

“என்னை யாரும் துரத்தலை, வேலண்ட்.” கால்மான், சிப்பாய் வேஷக்காரன் பக்கத்தில் போய் நின்றார். “அந்தச் சிப்பாயே நான்தான்.”

செட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஓடினவன் இடுப்பளவு தண்ணியில நின்னு, விட்டுடுன்னு கெஞ்சி, கழுத்துல கிடந்த கேமராவை என்கிட்ட நீட்டினான். எனக்குச் சுட மனசு வரலை. போயிடுன்னேன். அப்புறம் அந்தக் கேமராவுல கண்ணை வச்சுப் பார்த்தேன். அக்கரையில ஏறினவன், திரும்பி நின்னு எனக்குத் தொப்பியை ஆட்டினான். வாழ்க்கையில நான் பார்த்த முதல் ஷாட் அதுதான். துப்பாக்கியைத் தண்ணியில வீசிட்டு, அவன் போன வழியிலேயே நானும் இறங்கிட்டேன்.”

வேலண்ட் வந்து கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“கேமரா அங்கேயே இருக்கட்டும்” என்றார் கடைசியில். பிறகு, தண்ணீரில் காத்திருந்த நடிகனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“தம்பி, கரையேறினதும் தொப்பியை ஆட்ட மறந்துடாதே!”