பானட்டின் சூடு

பழைய கார் வாங்கப் போகிறவன் முதலில் பானட்டில் கை வைக்க வேண்டும். சூடாக இருந்தால், எஞ்சினுக்குள் தேய்ந்துபோன செயின் குளிரில் போடும் சத்தத்தை மறைக்க விற்பவர் முன்பே எஞ்சினைக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பிளெவென் ஊரில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கார் விற்கும் தெமெனுகாவின் வாசற்கதவில் இறந்துபோன கணவரின் ஆறாம் மாத நினைவுத்தாள் ஒட்டியிருந்தது. முற்றத்தில் நின்ற சின்ன எஸ்யூவியின் பானட்டில் என் மெக்கானிக் ராங்கெல் கை வைத்தார். சுட்டது.

"என்னக்கா, எங்க காதுல பூ சுத்துறீங்களா? சூடு பண்ணித்தானே வெச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் அவரு இருந்தப்ப. நான் வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள தினமும் சூடு பண்ணி வெப்பாரு. இப்ப பாட்டரியே நிலவறையிலதான் கெடக்கு. தெறந்து பாருங்க தம்பி."

திறந்தோம். பாட்டரி இல்லை. ராங்கெல் போய் எடுத்து வந்து மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் செயின் சத்தமே இல்லாமல் கிளம்பியது. அன்றே வாங்கி ஓட்டி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் எஞ்சின் சில்லிட்டுக் கிடந்தது. கிளப்பியதும் செயின் கடகடத்தது. அப்போது தெமெனுகா போனில் கூப்பிட்டாள்.

"காரைத் திருப்பிக் கொண்டாந்து விட்டீங்களா தம்பி?"

"இல்லையேக்கா. இங்கதான் நிக்குது."

"ராத்திரி பெஞ்சதுல முற்றமெல்லாம் முழங்கால் அளவு பனி. கார் நின்ன எடம் மட்டும் காஞ்சு கெடக்கு. கை வெச்சுப் பார்த்தேன். சுடுது."