தாமதக் கட்டணம் தள்ளுபடி

“கொரோனா சலுகைன்னு எதிர்க்கடை முத்துக்குமாருக்கு ஜிஎஸ்டி தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணியிருக்காங்களே, எனக்கு ஏம்மா பண்ணலை?”

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் மயில்வாகனம் பொருமினார். இரண்டு கடைக்கும் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஏலவார்குழலிக்குச் சிரிப்பு வந்தது.

“நீங்கதான் ஒருநாளும் தாமதமாக் கட்டலையே சார். எதைத் தள்ளுபடி பண்றது?”

“அப்போ ஒழுங்காக் கட்டினவன் ஏமாளியா? அவன் கடையைப் பூட்டிட்டு மாமியார் வீட்ல சாப்ட்டுக்கினு இருந்தான். நான் போன்லயே கல்யாணப் புடவை ஆர்டர் பிடிச்சேன். எல்லாம் என் கைராசி.”

“அவர் மாமியார் வீட்ல இல்ல சார். ஆக்ஸிஜன் வெச்சிக்கினு ஆஸ்பத்திரியில இருந்தாரு. தெரிஞ்சா அப்புறம் கடைப்பக்கம் யாரும் வர மாட்டாங்கன்னு வீட்ல மறைச்சிட்டாங்க. தன்கிட்ட ஆர்டர் கொடுத்த கல்யாண வீடுகளுக்கு, ‘மயில்வாகனம் ஜரிகையில ஏமாத்த மாட்டாரு’ன்னு சொல்லி உங்க நம்பரைக் கொடுத்ததே அவர்தான்.”

மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை என்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“சொன்னா உங்களுக்கு வயிறு எரியும்னாரு.”

எரியத்தான் செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மயில்வாகனம் முணுமுணுத்தார்:

“நல்லவனா இருக்கிறதுலயும் என்னை முந்திட்டானே, பாவி.”