அழுக்காகாத பொம்மை

"கவரைப் பிரிச்சிட்டியா ஜெஸி?"

ஜெஸி சொன்னதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார் ஆனிமேரி டீச்சர். பசுமலையில் அவர் வேலை பார்த்து ரிட்டயரான பள்ளிக்கூடம்தான். பழைய மாணவர்களின் பொருட்களை வைத்து அங்கே ஒரு சின்ன மியூசியம் நடத்துகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவள் ஜெஸி. இளம் டீச்சர், துறுதுறுப்பானவள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். முதல்ல உள்ள வாங்க. பிரிக்காம விட்டிருந்தா இன்னிக்குப் பொம்மையே இருந்திருக்காது."

டீச்சரின் ஒரே மகள் டயானாவின் பொம்மை அது. ஏழு வயதில் மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிள்ளை. "எனக்கப்புறம் இதை யாரும்மா பாத்துக்குவா?" என்று போன வருடம் டீச்சரே கொண்டுவந்து கொடுத்தார்.

கடையில் போட்டுக் கொடுத்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவர்கூட அப்படியே இருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. டீச்சர் வீட்டில் டிவி ரிமோட், சோபா, சுவர்க் கடிகாரம் எல்லாமே கவரோடுதான். திருநகரில் அவர் வீட்டுக்குப் போய்வந்தவர்கள், "நல்லவேளை, நமக்கும் ஒரு கவரை மாட்டாம விட்டாங்களே!" என்று சிரிப்பார்கள்.

"நான்தான் போன்லயே சொன்னேனேம்மா. என்ன வேணாலும் பண்ணு, கவரை மட்டும் தொடாதேன்னு."

"சொன்னீங்க டீச்சர், இல்லேங்கல. ஆனா இந்தப் பொம்மை அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். வயசாக வயசாக ஒரு ஆவி விடும். வெளிய போக வழி இல்லேன்னா, அந்த ஆவியே உள்ள நின்னு பொம்மையைத் தின்னுரும். பீரோவைத் திறந்தாலே புளிச்ச நாத்தம் குப்புன்னு அடிக்குது. பக்கத்துல இருந்த தகரக் காரு துருப்பிடிச்சே போச்சு. நீங்க வேற கண் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தீங்க, நேர்ல வந்து பாக்கவும் முடியாது. எனக்கு ட்ரெயினிங் குடுத்த மேடத்துக்குப் போன் போட்டேன். உடனே கவரை எடு, காத்தாடத் தனியா வைன்னு சத்தம் போட்டாங்க."

சொல்லிக்கொண்டே ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தாள். பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டைகள். உள்ளே வெள்ளைத் தாள் மெத்தையில் நீலக் கவுன் போட்ட பொம்மை படுத்திருந்தது.

"பாருங்க, கன்னத்துச் சிவப்புகூடக் கலையல. இனிமே ரொம்ப வருசம் தாங்கும். கிளவுஸ் தாரேன், தொட்டுப் பாருங்க டீச்சர்."

டீச்சர் தொடவில்லை. மேஜை மேலே பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தார்.

"அந்தக் கவரு எங்கம்மா?"

"அதையா தேடுறீங்க?" ஜெஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மஞ்சளடிச்சு மொறமொறன்னு ஆயிருச்சு. வெட்டித்தான் எடுத்தேன். வச்சிருந்தா மத்த சாமானையும் கெடுத்துரும்ல? போன வாரமே குப்பை வண்டியில போட்டுட்டேன்."

டீச்சர் மூலையில் இருந்த குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார்.

"அதுலதான் எம்புட்டு அழுக்கு! தூசி தும்புன்னா அம்புட்டுக் கறாரா இருப்பீங்க, இதை மட்டும் எப்படித் துடைக்காம விட்டீங்க?"

"பொம்மை மூஞ்சிக்கு நேரா... ஒரு கறை இருந்துச்சா?"

"ஆமா டீச்சர். இருக்குறதுலயே மோசமான கறை அதுதான்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கண் ஆபரேஷன் செய்தவர் அழக்கூடாது என்று ஜெஸிக்குத் தெரியும். பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"ஐயோ, என்ன டீச்சர் இது? டயானா ஆசை ஆசையா விளையாண்ட பொம்மை முழுசாக் கிடைச்சிருச்சு. போயும் போயும் ஒரு கவருக்காகவா அழுவீங்க?"

"எங்க விளையாண்டா? அழுக்காயிரும், அழுக்காயிரும்னு நான் கவரைப் பிரிக்கவே விடலயே ஜெஸி! கண்ணை மூடுற வரைக்கும் எம்புள்ள இந்தப் பொம்மையைத் தொட்டதே இல்ல. தெனமும் அந்தக் கவரு மேலதான் முத்தம் குடுப்பா."