கேம்ப்புக்கு வந்த பிரியாணி

“இந்த ஞாயித்துக்கிழமையும் பிரியாணிப் பொட்டலமாங்க? துபாய் வந்து ஒரு வருஷமாச்சு, புர்ஜ் கலீபாவை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கல.” வேனில் குளோரி பொருமிக்கொண்டே வந்தாள்.

“ஊழியத்துக்குத்தானே வந்தோம்? வாரம் முழுக்க சைட்டுல காயுற பயலுவ, நம்மள எதிர்பார்த்திருப்பானுவ,” என்றார் அவள் கணவர், போதகர் ஜெபசிங்.

தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

“என்ன தம்பி, பிரியாணி பிடிக்கலையா?” குளோரிக்கு எரிச்சல்.

வரிசையில் முதலில் நின்ற வீரபாண்டி தயங்கினான். “பிரியாணியில குறையில்லக்கா. முன்னெல்லாம் லீவுநாள்ல கம்பெனி பஸ்ஸுல வெளிய கூட்டிட்டுப் போவாங்க. நீங்க வர ஆரம்பிச்சதும், ‘சாப்பாடு தர ஆள் வருது, எல்லாரும் இங்கயே இருங்க’ன்னு சூப்பர்வைசர் பஸ்ஸை நிறுத்திட்டாரு.”

“பஸ் இருந்திருந்தா இன்னிக்கு எங்க போயிருப்பீங்க?” என்றாள் குளோரி.

“புர்ஜ் கலீபா பார்க்கத்தான்க்கா.”