வெயிலுக்கு ஒரு ஜோடி சாக்ஸ்

"ஷூ வேண்டாம்ணே. சாக்ஸ் மட்டும் எடுத்துப் போடுங்க."

சின்னமனூர் கடைவீதியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஜெபமணி, பாண்டீஸ்வரியை ஏற இறங்கப் பார்த்தார். கையில் மஞ்சள் காப்பு. காலில் செருப்பில்லை.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். ஞாயித்துக்கிழமை மார்க்கையன்கோட்டையில இருந்து இங்கன வரைக்கும் பொம்பளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வச்சிருக்காகல்ல, பேரு குடுத்திருக்கேன்."

"ஷூ இல்லாமயா?"

"வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்திருக்கேண்ணே. விழுந்து எலும்பு ஒடிஞ்சு கெடந்த வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்குறாரு. திருவிழா முடியிற வரைக்கும் செருப்பு, ஷூ தொடுறதில்லன்னு வேண்டுதல்."

"சாக்ஸ் போடலாமாக்கும்?"

"சாக்ஸப் பத்தி ஆத்தாகிட்ட நான் பேச்சே எடுக்கல."

ஜெபமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வேதத்துலயும் அதப் பத்தி ஒண்ணும் சொல்லல தாயி. ஆனா கத்திரி வெயிலு. அடுத்த வருசம் ஓடேன்."

"மொதல்ல வர்ற ஒரு ஆளத்தான் சென்னைப் போட்டிக்கு அனுப்புறாக. எனக்கு வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுது."

ஜெபமணி அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். "இது மெல்லிசு. வெயில்ல ஓடுறவுக இதத்தான் கேப்பாக. வேர்வை நிக்காது."

விரலால் தேய்த்துப் பார்த்தாள். "நைலான் மாதிரி இருக்கே. தாரு சூட்டுக்கு இழுத்துக்கும்."

"இது கணுக்கால் வரைக்கும்."

"பாதி கால்ல நழுவிரும்."

கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் தடித்த வெள்ளைக் காட்டன் சாக்ஸில் போய் நின்றாள். அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது.

"காட்டன்ல தண்ணி படக்கூடாதும்மா," என்றார் ஜெபமணி. "ஈரமாச்சுன்னா கனக்கும், உரசும், கொப்புளம் போடும். அது ஒண்ண மட்டும் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஓட்டம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் வந்து இறங்கினார். அதற்குள் தார் ரோடு மினுமினுக்க ஆரம்பித்திருந்தது.

பக்கத்தில் நின்ற போடிப் பெண் வேல்விழி, போன வருடம் ஜெயித்தவள், பாண்டீஸ்வரியின் காலைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள்.

"என்னக்கா, ஷூவ வீட்டுல மறந்துட்டீகளா?"

"ஒன்னத் தாண்டிப் போறப்ப நல்லா பாத்துக்க ஆத்தா."

விசில் ஒலித்தது.

தென்னந்தோப்பு தாண்டும் முன்பே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். முன்னால் இரண்டே பேர். ஜெபமணி பைக்கில் கூடவே வந்தார்.

முதல் தண்ணீர்ப் பந்தல். ஓடுகிற ஆளுக்கு ஒரு கிளாஸ் என்று கணக்கு. பாண்டீஸ்வரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினாள். பின்னாலேயே கிளாஸோடு வந்த வேல்விழி, அவள் சாக்ஸ் மேல் தண்ணீரைச் சளாரென்று வீசினாள்.

"ஏலே, அந்தப் புள்ள பண்றதப் பாருங்கடா!" என்று கத்தினார் ஜெபமணி.

அடுத்த பந்தலிலும் அதே வேலை. இந்தத் தடவை குனிந்து, இரண்டு கால்களையும் பார்த்து ஊற்றினாள்.

"குடிச்சது போக மிச்சத்தக் கொண்டாந்து ஊத்துறா. நல்லாருப்பாளா இவ?" என்றார் வாய்க்கால் பாலத்தில் நின்ற ஒருவர்.

கூட்டம் வேல்விழியைப் பார்த்து ஊளையிட்டது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பாண்டீஸ்வரியைத் தாண்டி முன்னால் போனாள். பாண்டீஸ்வரி விடவில்லை. மறுபடி தாண்டினாள்.

கடைவீதிக்குள் இருவரும் தோளோடு தோள் உரச நுழைந்தார்கள். காய் விற்கிற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். பாண்டீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சை முன்னே தள்ளினாள்.

எல்லையில் கட்டியிருந்த நாடா அவள் மேல் ஒட்டிக்கொண்டது.

கடைவீதியே குலவை போட்டது. யாரோ மாலையை வீசினார்கள். யாரோ அவளைத் தூக்கினார்கள். "சென்னைக்குப் போறா நம்ம பாண்டீஸ்வரி!" என்று மேளக்காரர் அவர்பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்தார்.

வேல்விழி இரண்டாவதாக வந்து, தரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபமணி நேராக மேடைக்குப் போனார். பந்தயத்தை நடத்தும் சண்முகராஜ் மைக்கோடு நின்றிருந்தார்.

"சார், ஈரக் காட்டன் கொப்புளம் போடும்னு ஓடுற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சே ஊத்துனா. ஊரே சாட்சி!"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம்.

சண்முகராஜ் மைக்கைத் தட்டினார். "போட்டியாளருக்கு இடைஞ்சல் பண்ணுனதுக்காக வேல்விழியோட ரெண்டாம் பரிசு ரத்து செய்யப்படுகிறது."

கைதட்டல் காதைப் பிளந்தது. வேல்விழி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

பாண்டீஸ்வரி தூக்கியவர்களிடமிருந்து குதித்து இறங்கி மேடையேறினாள். சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை.

"ஷூவுக்குள்ள ஈரமானாத்தாண்ணே உரசும். எனக்கு ஷூ எங்க இருந்துச்சு? கீழ கொதிச்சது தாருல்ல?"

ஜெபமணி குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார்.

"அவ ஊத்தலேன்னா பாதி ரோட்டுலயே நான் உக்காந்திருப்பேன்."

"அப்ப ஒனக்கு விட்டுக் குடுத்தாளா?" என்றார் சண்முகராஜ்.

"விட்டுக் குடுக்குறதா? கடைசி வரைக்கும் என்னத் தோக்கடிக்கத்தான் சார் ஓடுனா!"

பாண்டீஸ்வரி வேல்விழியைக் காட்டினாள். உதடு வெடித்து, கண் செருக உட்கார்ந்திருந்தாள் அவள்.

"பரிசப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அவளுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க சார். வழியில நீங்க குடுத்த அவ பங்கு பூராத்தையும் என் சாக்ஸுதான் குடிச்சிருக்கு."