பத்மாசனியின் மூத்த மகன்

எழுத்தாளர் தில்லைநாதன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உருத்திரபுரம் முழுவதும் சந்தோஷப்பட்டது, ஏரம்பரைத் தவிர.

வந்த பஸ்ஸிலேயே மனுசன் திரும்பிப் போய்விடமாட்டாரா என்று ஏரம்பர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழைப்புக் கடிதம் எழுதியவன் வாசிகசாலைச் செயலாளர் சின்னராசா. ஏரம்பரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாங்கள் படித்து முடித்த நாவலைப் பற்றிக் கலந்துரையாட அதை எழுதியவரையே கூப்பிடுவது என்று தானே முடிவுகட்டி, முத்திரை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்து சொன்னான். அந்த மனுசனும் வேலைவெட்டி இல்லாதவர் போல உடனே வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார்.

வாசிகசாலையில் அந்த நாவலின் ஒரே ஒரு பிரதி இருந்தது. அதைக் கோயிலில் புராணம் படிக்கிற மாதிரியே படித்தார்கள். கூட்டமாய் இருந்து படிக்க வேறு முறை அந்த வன்னிக் குடியேற்றக் கொலனியில் எவருக்கும் தெரியாது. சின்னராசா ராகம் இழுத்து வாசிப்பான். ஏரம்பர் பயன் சொல்வார், அதாவது வாசித்ததற்கு விளக்கம்.

சின்னராசாவின் ராகத்துக்குள் அகப்பட்ட சொல் எதுவும் உயிரோடு வெளியே வந்ததில்லை. ஆகவே சனம் காது கொடுத்தது ஏரம்பருக்குத்தான். ராகத்திலேயே கண்ணாயிருந்த சின்னராசாவுக்கும் கதை ஏரம்பர் சொல்லித்தான் தெரியும்.

ஏழாம் அதிகாரத்தில் வந்தது வினை. கதாநாயகி பத்மாசனி கிணற்றில் விழுந்து செத்துப்போனாள்.

அன்றைக்கு முன்வரிசையில் நேசமலர் இருந்தாள். பகல் முழுக்க வயலில் களை பிடுங்கிவிட்டு, பத்மாசனிக்கு என்ன ஆயிற்றோ என்று கால் கழுவாமலே ஓடி வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் செத்துப்போனாள் என்று சொல்ல ஏரம்பருக்கு நா எழவில்லை. பத்மாசனி துலாக்கயிற்றைப் பிடித்து ஏறி வந்துவிட்டாள் என்று பயன் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியம்.

மிச்சப் புத்தகம் முழுக்க அவளுடைய தம்பி அழுதான். அவன் அழ அழ, ஏரம்பர் பத்மாசனியை வன்னிக்கு பஸ் ஏற்றினார். மூன்று ஏக்கர் வயல் கொடுத்தார். கலியாணம் செய்துவைத்தார். கடைசிப் பக்கத்தில் தம்பி கிணற்றடியில் விழுந்து புரண்டபோது அவளுக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது.

இன்றைக்கு மானம் கப்பலேறப்போகிறது. பத்து வருடமாகக் கோயிலில் பயன் சொன்ன வாய். சாமி கதையிலும் இந்த மனுசன் என்னென்ன புளுகினானோ என்று நாளைக்கே சனம் கேட்கும்.

எழுத்தாளருக்கு மாலை போட்டு, கதிரையில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். முதல் கேள்வி நேசமலருடையது.

"பத்மாசனியின்ர மூத்த பெடியன் இப்ப பள்ளிக்கூடம் போறானோ, ஐயா?"

எழுத்தாளர் சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். எந்தப் பத்மாசனி என்று கேட்டார்.

எழுதினவருக்கே மறந்துபோயிற்று என்று சனம் சிரித்தது. துலாக்கயிறு, பஸ், வயல், இரண்டு பிள்ளைகள் என்று ஆளுக்கொன்றாக நினைவூட்டினார்கள். எல்லாம் இவர் விளங்கப்படுத்தினதுதான் என்று சின்னராசா பெருமையாக ஏரம்பரைக் காட்டினான். ஏரம்பர் கூரைக் கிடுகை எண்ணிக்கொண்டிருந்தார்.

எழுத்தாளர் எழுந்து நேரே அவரிடம் வந்தார். ஏரம்பர் முன்யோசனையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

அடி விழவில்லை. மனுசன் மாலையும் கழுத்துமாக அவருக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவள் என்ர அக்கா. கிணத்தாலை ஏறினதிலையிருந்து ஒருக்கா முழுக்கச் சொல்லுங்கோ."

சின்னராசா பழக்கதோஷத்தில் ராகத்தை எடுக்க, நேசமலர் ஒரு முறை முறைத்து அவன் வாயை மூடவைத்தாள்.

ஏரம்பர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். இதுவரை எவருக்கும் சொல்லாத இடத்திலிருந்து தொடங்கினார். மேலே ஏறி வந்தவள், ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு முதலில் கேட்டது, தம்பி சாப்பிட்டானா என்று.