தையல் பிரிந்த கன்று

செவலைப் பசுவின் கன்று பிறந்த மூன்றாம் நாளே செத்துப்போனது. பால்காரி மாரக்கா அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்தினாள். பசு அதை நக்க நக்கப் பால் சுரந்தது.

வைக்கோல் கன்றுக்குத்தான் நிம்மதியே இல்லை. குட்டு வெளிப்பட்டால் பசு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மாரக்கா தன்னைக் குப்பையில் எறிவாள் என்று தினமும் பயந்தது. ஒரு நாள் காலையில் தையல் பிரிந்து, வயிற்று வைக்கோல் வெளியே தொங்கிவிட்டது.

“அம்மா, நான் உன் பிள்ளை இல்லை,” என்றது அழாத குறையாக.

“தெரியும். முதல் நாளே மோந்து பார்த்தேனே.”

“அப்புறம் ஏன் நக்குறே?”

பசு வாசல் பக்கம் பார்த்தது. அங்கே வேப்பமரத்தடிக் கல்லுக்குப் பால் ஊற்றிவிட்டு, தன் கஷ்டத்தையெல்லாம் அதனிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள் மாரக்கா.

“அவளுக்குப் பெத்தவ இல்லை. அந்தக் கல்லைத்தான் ஆத்தாங்கறா. அழுது முடிச்சதும் தெம்பா எழுந்து வேலைக்குப் போவா, பாரு. எனக்கு நாக்கு இருக்கு, பிள்ளை இல்லை. நல்லவேளை, நீ வந்தே.”

பசுவுக்கு நல்ல பசி. ஆனாலும் தொங்கிய வைக்கோலை அது தின்னவில்லை. மூக்கால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, மறுபடியும் நக்க ஆரம்பித்தது.